மக்காத தையல்

"வாழைநார்த் துணி ரொம்ப நாள் உழைக்காதும்மா. மண்ணுல புதைச்சுப் பார்த்தேன், ஆறே மாசத்துல மக்கிடுச்சு" என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டாள் தையல்காரி.

"தையல்?" என்றாள் அளவு கொடுக்க வந்தவள்.

"நூல் மட்டும் அப்படியே கிடந்துச்சு. பாலியெஸ்டராச்சே!"

"அப்போ பருத்தி நூல் போடுங்க. ஜிப், கொக்கி வேணாம். முதுகுப் பக்கம் முழுசா திறந்து நாடா வைங்க."

இதென்ன புது ஃபேஷனோ என்று தையல்காரிக்குப் பிடிபடவில்லை.

"தனியா போட்டுக்க முடியாதேம்மா?"

"நான் எங்கே போட்டுக்கப் போறேன்? தங்கச்சிதான் போட்டுவிடணும். அவ சிரமப்படக் கூடாது."

"எப்போ வேணும்?"

"டாக்டர் ரெண்டு மாசம் கெடு வச்சிருக்கார். மண்ணுக்குள்ள போறப்போ மக்காத எதையும் கொண்டுபோக வேணாம்னு பார்க்கிறேன்."

தையல்காரி மெஷினிலிருந்த பாலியெஸ்டர் நூலை உருவினாள்.