அழுவதற்கு ஒரு கிழமை

புயல் முகாமில் ஆறு பிள்ளைகளின் மணிக்கட்டுப் பட்டைகளைக் கண்காணிப்பது என் வேலை. துக்கம் அடக்க முடியாமல் போனால் பட்டை சிவக்கும். மூன்று வாரமாக நாளுக்கு ஒருவருடையது மட்டுமே, அதுவும் வேறு வேறு பிள்ளையுடையது, சிவந்தது. வியாழக்கிழமைகளில் யாருடையதும் சிவக்கவில்லை. துக்கம் கால அட்டவணை பார்த்தா வரும்? பட்டையில்தான் கோளாறு என்று புகார் எழுத உட்கார்ந்தேன்.

பதினோரு வயது செல்வமேரி எட்டிப் பார்த்தாள்.

"பட்டை சரியாத்தான் இருக்கு மிஸ். நாங்க முறை போட்டிருக்கோம். இன்னைக்கு ரூபன் அழற முறை."

ரூபன் சுவரோரம் தேம்பிக்கொண்டிருந்தான். அவனுக்கான சோற்றை ஒருத்தி வரிசையில் நின்று வாங்கினாள். அவன் தங்கை இன்னொருவன் இடுப்பில் இருந்தாள்.

"எல்லாரும் ஒரே நாள்ல அழுதா, சின்னதுங்கள யாரு பாத்துக்கறது மிஸ்?"

நான் பெற்ற எந்தப் பயிற்சியிலும் இது இல்லை. புகாரைக் கிழித்துப் போட்டேன்.

செல்வமேரி நகரவில்லை. பட்டையில்லாத என் மணிக்கட்டையே பார்த்தாள்.

"உங்க வீடும் போயிடுச்சுல்ல மிஸ்? வியாழக்கிழமை காலியாத்தான் இருக்கு. உங்க பேரப் போட்டுக்கவா?"