டீ மாஸ்டரின் இடக்கண்

டீ மாஸ்டர் சுடலைமுத்துவின் முகத்தில் இரண்டு கண்கள் குடியிருந்தன. வலக்கண்ணுக்கு வாய் நீளம். இடக்கண்ணுக்குச் சின்ன வயசிலிருந்தே பார்வை மங்கல். அதனால் மூளை அதை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை.

மாஸ்டர் உயரத் தூக்கி ஆற்றும் டீ அடிக்கடி கிளாசுக்கு வெளியே விழும். "எல்லாம் இந்தச் சோம்பேறியாலதான்!" என்று வலக்கண் கத்தும். மூளையும் நம்பிவிடும். வேறு பக்கமிருந்து சத்தமே வராதே!

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு மாஸ்டர் டாக்டரிடம் போய் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டார். வலக்கண் விழுந்து விழுந்து சிரித்தது.

"ஏம்பா மூக்குக்கண்ணாடி, இந்த வயசுக்கு மேல இந்தச் சோம்பேறி பார்த்து என்னத்தைக் கிழிக்கப்போறான்?"

"வெளிச்சத்தை ஒழுங்காக் கொண்டுவந்து சேர்க்கிறது என் வேலை. பார்க்கிறது அவர் பாடு," என்றது மூக்குக்கண்ணாடி.

வலக்கண் சும்மா இருக்குமா? தலைவலி என்று முனகி முனகியே மூக்குக்கண்ணாடியைச் சட்டைப்பைக்கு அனுப்பப் பார்த்தது. டாக்டரின் திட்டுக்குப் பயந்து மாஸ்டர் ஒவ்வொரு முறையும் மறுபடி மாட்டிக்கொண்டார். இப்படியே மாதங்கள் ஓடின.

ஒருநாள் காலையில் டீ நூல் பிடித்த மாதிரி கிளாசுக்குள் இறங்கியது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"பார்த்தீங்களா என் திறமையை!" என்றது வலக்கண்.

எதிரே தேய்த்து வைத்திருந்த பாய்லர் பளபளத்தது. அதில் தெரிந்த முகத்தை இடக்கண் நிதானமாகப் பார்த்தது.

"அண்ணே, இத்தனை வருஷமா உங்க பெருமையைக் காதாலதான் கேட்டேன். இப்பத்தான் உங்களை நேர்ல பார்க்கிறேன். ஓரத்துல பீளை ஒட்டியிருக்கு, முதல்ல அதைத் துடைங்க."