பாதி ஷட்டர்

சொந்தமாக ஒரு முடிவெடுக்க நாலாயிரம் ரூபாய். மாதத்துக்கு இரண்டு மட்டும் இலவசம். அப்படி எழுதிக் கொடுத்துத்தான் பொன்பாண்டி கம்பெனி டீக்கடையை எடுத்து நடத்தினார். இம்மாத இரண்டையும் சர்க்கரையைக் குறைத்தே தீர்த்திருந்தார்.

தெருவில் கொட்டுச் சத்தம் நெருங்கியது. எதிர்க்கடைத் தையல்காரர் நயினார், முப்பது வருஷச் சிநேகிதர், பாடையில் வந்துகொண்டிருந்தார். மற்ற கடைகளில் மரியாதைக்கு ஷட்டர் பாதி இறங்கிவிட்டது.

"நாமளும் இறக்குவமா அண்ணாச்சி?" என்றாள் டீ போடும் செல்லக்கனி.

"கம்பெனிகிட்ட கேளு."

"கேட்டாச்சு. செத்தவரு நம்ம வாடிக்கையாளர் இல்லையாம்."

"அவன் என்னைக்குக் காசு குடுத்தான்? என் கணக்குலதான குடிச்சான்."

பொன்பாண்டி எழுந்து தானே ஷட்டரை இறக்கினார். பாடை கடந்ததும் தூக்கினார். கல்லாத் திரையில் கணக்கு வந்தது: இறக்கியது ஒரு முடிவு, நாலாயிரம். தூக்கியது இன்னொரு முடிவு, நாலாயிரம். பாக்கி எட்டாயிரம்.