எட்டு இஞ்சு தூரம்

மத்தியான வெயில் தையல் கடையின் வாசல்படி வரை வந்து நிற்கிறது. தையல்காரியின் கணவர் இஸ்திரி போட்டுக்கொண்டே கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சுவரில் மாட்டிய உலகப் படத்தில் ஸ்கேல் வைத்து அவர் போட்ட கோட்டை விட்டு, மகள் ஏறிய விமானம் கைபேசித் திரையில் வடக்கே பனிப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. "பைலட் வழி தப்பிட்டாரோ?" என்கிறார், மூன்றாவது தடவையாக. தையல்காரி மிஷினிலிருந்து காலை எடுக்கிறாள். மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய உலக உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு, ஏறிய ஊருக்கும் இறங்கும் ஊருக்கும் நடுவே இஞ்சு டேப்பை இழுத்துப் பிடிக்கிறாள். டேப் வழுக்கி, தானாகவே வடக்கே ஏறிப் பனியின் மேல் படிகிறது. "நீங்க விரிச்ச துணியில அளந்தீங்க. உருண்ட உடம்புல அளந்தா இப்படித்தான் வரும். எட்டு இஞ்சு, பதினாறு மணி நேரம். இஞ்சுக்கு ரெண்டு மணி." "அப்ப இதுல இப்ப எங்க இருப்பா?" அவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நாலாவது இஞ்சில் நீலச் சாக்பீஸால் புள்ளி வைக்கிறாள். சுற்றிலும் ஒரே வெள்ளை. அவர் குனிந்து உற்றுப் பார்க்கிறார். "ஸ்வெட்டரப் பெட்டிக்குள்ள வச்சு அனுப்பிட்டோமே," என்கிறார். பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சூடு ஆறாத உள்ளங்கையால் அந்தப் புள்ளியைப் பொத்திக்கொள்கிறார்.