லூப்பேயின் மந்திரம்

கிருபன் எழும்பி முகம் கழுவினான். கேத்தில் சுவிச்சைத் தட்டிவிட்டு, இரண்டு துண்டு பாணை டோஸ்டரில் போட்டான். ஒன்றைத் தின்றான். கலியாண வீடுகளுக்கென்று வைத்திருந்த கோட்டைப் போட்டுக்கொண்டு சோபாவில் குந்தினான்.

இன்றைக்கு அவனுடைய இரண்டாம் கலியாணத்துக்கு நாள் வைக்கப் போகிறார்கள். மனைவி மங்கையின் ஆண்டுத் திவசம் போன கிழமைதான் முடிந்தது.

கீழே ஹோர்ன் அடித்தது. மங்கையின் தாய்மாமன் இராஜரட்ணம் பிக்கரிங்கிலிருந்து வந்து, எஞ்சினை நிற்பாட்டாமலே கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

"றிச்மண்ட் ஹில் கோயில்ல ஐயர் பாத்துக்கொண்டு நிக்கிறார். கெதியா ஏறும்."

"எனக்கு விருப்பமில்லை, மாமா. எத்தனை தரம் சொல்றது?"

"உம்மட விருப்பத்தை ஆர் கேட்டது? ஆஸ்பத்திரியில கண்ணை முழிச்சு என்னட்டையெல்லோ சொன்னவள். 'மாமா, தங்கச்சி நிலாணியை இவருக்குக் கட்டிவையுங்கோ' எண்டு. அதோட போயிட்டாள். செத்தவளின்ர கடைசிச் சொல்லை மீறுவீரோ?"

அந்தச் சொல்லுக்குத்தான் கிருபன் காரில் ஏறினான். மங்கை வேலைத்தலத்தில் மயங்கி விழுந்த அன்று அவன் மில்லிக்கனில் ஃபாக்டரி ஷிப்டில் நின்றான். ஓடிப்போனபோது எல்லாம் முடிந்திருந்தது. சொந்தக்காரரில் முதலில் போய்ச் சேர்ந்தவர் மாமாதான்.

நிலாணி வெள்ளவத்தையில் இருந்தாள். கனடாவுக்கு வர அவளுக்கு வேறு வழியில்லை. அவளையும் யாரும் கேட்கவில்லை.

"கோயிலுக்கு முதல் கென்சிங்டன் மார்க்கெட்டுக்குப் போகவேணும்," என்றான் கிருபன். "மங்கை வேலை செய்த கடையில கூப்பிட்டிருக்கினம்."

"இப்ப என்னத்துக்கு?"

"இல்லையெண்டால் நான் வரேல்லை."

மாமா முணுமுணுத்தபடி காரைத் திருப்பினார்.

அது ஒரு மெக்சிக்கோ இனிப்புக் கடை. பின்பக்கச் சமையலறையில், பெரிய செப்புச் சட்டியில் 'கஹேத்தா' கொதித்துக்கொண்டிருந்தது. ஆட்டுப்பாலும் சீனியும் கறுவாப்பட்டையும் போட்டு, அகப்பையால் இழுத்த இடத்தில் சட்டியின் அடி தெரியும்வரைக்கும் காய்ச்சுகிற பாகு. தனக்குத் தேங்காய்ப்பால் காய்ச்சித் தொதல் செய்து பழக்கம் என்று கையால் காட்டித்தான் மங்கை இந்த வேலையை வாங்கினாள். அவளுக்கு இங்கிலீசு கொஞ்சம்தான். பதறி அந்தரப்பட்டால் அதுவும் வராது.

சுவரோரம் ஒரு மேசை. மஞ்சள் பூ, மெழுகுதிரி, செத்தவர்களின் படங்கள். சீனியை அச்சில் அமுக்கிக் காயவைத்த மண்டையோடுகள் வரிசையாகச் சிரித்தன. மெக்சிக்கோவில் இது செத்தவர்களை விருந்துக்குக் கூப்பிடுகிற நாள். ஒரு மண்டையோட்டின் நெற்றியில் ரோசா நிற ஐசிங்கால் மங்கையின் பெயர் எழுதியிருந்தது.

"ஐயையோ! மண்டையோட்டில பேரோ!" மாமா பின்வாங்கினார். "நல்ல காரியத்துக்குப் போற நேரத்தில இதென்ன மூதேவித்தனம்? வாரும் வெளியில!"

"நீங்கள் போங்கோ. நான் நிக்கிறன்."

அடுப்படியில் நின்ற பெண் அகப்பையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். லூப்பே. மங்கையின் வயதுதான். மங்கை விழுந்தபோது சமையலறையில் கூட நின்றது அவள் மட்டும். அடுத்த கிழமையே தாய்க்குச் சுகமில்லையென்று மெக்சிக்கோ போனவள், இப்போதுதான் திரும்பியிருந்தாள்.

கிருபனின் கைகளைப் பிடித்துக்கொண்டு உடைந்த இங்கிலீசில் சொன்னாள்: "அம்புலன்சில் நான்தான் கூடப் போனேன். கடைசிவரைக்கும் கையை விடவில்லை. அவள் கண் திறக்கவேயில்லை." வாசலில் நின்ற மாமாவைக் கண்டதும் தலையசைத்தாள். "இவரைத் தெரியும். இவர் வந்தபோது அவளுடைய முகத்தை மூடிவிட்டார்கள்."

கிருபன் மாமாவைப் பார்த்தான்.

"உவளுக்கு இங்கிலீசும் தெரியாது, ஒரு இழவும் தெரியாது," என்றார் மாமா. "உவளின்ர கதையைக் கேட்டுக்கொண்டு நிக்கிறீர்."

"அப்படியென்றால் மங்கை ஒன்றுமே சொல்லவில்லையா?" கிருபன் லூப்பேயிடம் இங்கிலீசில் கேட்டான்.

"சொன்னாள். ஆஸ்பத்திரியில் இல்லை, இங்கே. நான் அகப்பையை விட்டுவிட்டு ரேடியோவைத் திருப்பப் போயிருந்தேன். என்னைப் பார்த்து உங்கள் மொழியில் சத்தமாக ஏதோ சொன்னாள். சொன்ன கையோடு விழுந்தாள்." லூப்பே நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "அது உங்கள் கடவுளின் மந்திரம். ஒரு சத்தம் பிசகாமல் மனதில் வைத்திருக்கிறேன். தினமும் செபத்தில் அவளுக்காக அதைச் சொல்கிறேன்."

மாமாவின் முகம் பளிச்சென்றது. "பாத்தீரே! சாகேக்க மந்திரம் சொன்னவளாம். கேளும், வடிவாக் கேளும், அதுக்குள்ள நிலாணியின்ர பேர் வரும்!"

லூப்பே எட்டி, கிருபனின் காதுக்குள் சொன்னாள்.

கிருபன் சிரித்தான். ஒரு வருடமாக யாரும் கேளாத சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தான். பிறகு கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டான்.

"என்னவாம்?"

"நிலாணிக்கு வேற மாப்பிள்ளை பாருங்கோ, மாமா. ஐயரையும் வீட்டை போகச் சொல்லுங்கோ."

"டேய், செத்தவளின்ர சொல்லடா!"

"ஓம். அதைத்தான் நீங்களும் கேக்கவேணும்." கிருபன் லூப்பேயைப் பார்த்து, "இன்னொரு தரம், பலமாக," என்றான்.

லூப்பே கைகளைக் கூப்பினாள். கண்களை மூடினாள். ஒவ்வொரு சொல்லாக, பூசையில் சொல்வதுபோல இழுத்து, பயபக்தியோடு சொன்னாள்:

"அடிப்பிடிக்குதடி, கிண்டு! கிண்டு!"