மிஞ்சும் ஆள்

"ஏழால வகுத்துப் பாத்தியா?"

"ஆறு பேர் மிஞ்சுறாங்க சார்."

"எட்டு?"

"ஏழு பேர் மிஞ்சுறாங்க."

மில் மேனேஜர் ஓஸ்வால்ட் பென்சிலை வீசி எறிந்தார். நாளை புது கேண்டீன் திறப்பு விழா, மந்திரி வருகிறார். சாப்பிட வரும் எல்லா பேட்ச்சிலும் ஆள் சமமாக இருக்க வேண்டும், ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் யாரும் சாப்பிட மாட்டோம் என்று யூனியன் எழுதிக் கொடுத்திருந்தது. சின்ன விஷயம்தானே என்று அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தொழிலாளர் பதிவேடான மஸ்டர் ரோலில் இருந்ததோ ஐயாயிரத்து முப்பத்தொன்பது பேர்.

"எழுபது வரைக்கும் பாத்துட்டேன் சார்," என்றார் டைம் ஆபீஸ் கிளார்க் டென்சில். "இது பகா எண். எதாலயும் வகுபடாது."

"நம்பருக்குக்கூட என் மேல கோபமாய்யா? ஒரு ஆளைத் தூக்கிடட்டுமா?"

"தூக்கினா மில்லே நின்னுடும் சார். ஒரு ஆளைச் சேருங்க. ஐயாயிரத்து நாற்பது, ரெண்டுல இருந்து பத்து வரைக்கும் எதால வேணாலும் வகுபடும்."

"நாளைக்குள்ள புது ஆளுக்கு எங்கேய்யா போவேன்?"

"புது ஆள் எதுக்கு சார்? போன மாசம் ஐயாயிரத்து நாற்பது பேர்தானே இருந்தோம்?"

ஓஸ்வால்டின் முகம் சுருங்கியது. "அந்தப் பாஞ்சாலியா?"

"ஆமா சார். கேண்டீன் வேணும்னு முதல்ல கேட்டதுக்கு சீட்டைக் கிழிச்சு அனுப்பினீங்களே, அவங்கதான். அதுக்கு மறுநாள்தான் யூனியன் இந்த நிபந்தனையை எழுதிக் கொடுத்தது."

"இந்தக் கணக்கை அவங்களுக்கு யாருய்யா போட்டுக் கொடுத்தது?"

டென்சில் சிரிப்பை அடக்கிக்கொண்டு மஸ்டர் ரோலைத் திறந்து, கடைசி வரியில் பாஞ்சாலியின் பெயரை எழுத ஆரம்பித்தார்.