கம்பெனிச் சத்தம்

"என் ஷெட்டைக் காலி பண்ணு. எங்க கம்பெனியில பேக்கிங் வேலை வாங்கித் தரேன்" என்றார் அவளுடைய அக்கா புருஷன். கிடார் ஆம்ப்ளிஃபயர் கம்பெனியின் விற்பனை மேலாளர்.

அவள் சால்டரிங்கை நிறுத்தவில்லை. "மத்தவங்க வாசிக்க என் கையால ஆம்ப் செய்யறேன். இந்த சுகம் பேக்கிங்ல வருமா மாமா?"

"பெரிய சுகம்! நேத்து கச்சேரியில எங்க ஆம்ப் சத்தத்துக்கு அரங்கமே எழுந்து நின்னுச்சு. உன்னால அப்படி முடியுமா? முடிஞ்சா ஷெட் உனக்கே!"

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"மாட்டேன்டி!"

அப்போது மாமாவின் கம்பெனி பெயர் பொறித்த ஆம்ப் பெட்டியோடு உள்ளே வந்தார் நேற்று வாசித்த கிடார்காரர். "லேசா இரையுது, கொஞ்சம் பாரும்மா" என்றவர், மேலாளரைப் பார்த்ததும் திரும்பி ஓடப் பார்த்தார்.

"பயப்படாம வைங்க சார்" என்றவள் பின்பலகையைக் கழற்றினாள். உள்ளே கம்பெனிச் சரக்கு ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு வயரும் அவள் பற்றவைத்தது.

கிடார்காரர் தலையைச் சொறிந்தார். "மேடையில உங்க பெட்டி இருக்கணும்னுதான் சார் விளம்பர ஒப்பந்தம். உள்ளே என்ன இருக்கணும்னு எழுதலையே!"

அவள் உள்ளிருந்ததை முழுசாக வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள். வெறும் பெட்டியை மாமா பக்கம் தள்ளினாள்.

"இந்தாங்க மாமா, உங்க கம்பெனி."